பரணில் கிடக்கும் அமானிதம்

(கோட்டாறில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

சில மாதங்களுக்கு முன், பழைய வீட்டை இடித்த சகோதரர் ஒருவர் துணியில் சுற்றிய நோட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். "ஹஸ்ரத், பரணில் இருந்தது. ஓதுகிற கிதாபு போலிருக்கிறது, பள்ளியில் வைத்துவிடுங்கள்" என்றார். பிரித்துப் பார்த்தேன். எழுத்து அரபு, மொழியோ நம் தமிழ்! அது கிதாபு அல்ல, அவருடைய பாட்டனாரின் கடைக் கணக்கு. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

கடனை எழுதி வையுங்கள் என்பது சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் அல்லாஹ்வின் கட்டளை. பாட்டனார் எழுதி வைத்தார். பேரனோ அதை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், வாசிக்கத் தெரியவில்லை!

இதுதான் அரபுத் தமிழ். அரபியில் இல்லாத ப, ழ போன்ற ஓசைகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி நம் முன்னோர் எழுதினார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை இந்த எழுத்தில்தான் நம் பெண்களுக்கும் எட்டச் செய்தார்கள்.

இந்த எழுத்து பிழைத்திருந்தால்? மரைக்காயர்களின் கப்பல் வணிகத்தை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எழுதி வைத்ததையே புரட்டுகிறார்கள். போட்டிக்கு வந்தவனின் சாட்சியமே நம் சரித்திரமாகிவிட்டது! நம் வீட்டுக் கடிதங்களும் கணக்குகளும் வாசிக்கப்பட்டிருந்தால் நம் சாட்சியும் அதில் ஏறியிருக்கும்.

துருக்கியில் 1928இல் சட்டம் போட்டு அரபு எழுத்தை அகற்றினார்கள். நம்மை எந்தச் சட்டம் தடுத்தது? பள்ளிக்கூடமும் அச்சகமும் தமிழ் எழுத்தைத் தந்தன. நாம் பழையதைப் பரணில் போட்டோம். மலபாரிலும் பள்ளிக்கூடம் வந்தது. ஆயினும் 1607இல் காழி முஹம்மது பாடிய முஹ்யித்தீன் மாலை இன்றும் மாப்பிள்ளைமார் வீடுகளில் ஒலிக்கிறது. அரபு மலையாள எழுத்தை மத்ரஸாப் பிள்ளைகள் கற்கிறார்கள்.

தமிழ் எழுத்தை விடச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். நம் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்தார். சீறாப்புராணத்திற்கு உரை எழுதினார். தமிழ் எழுத்தில் எழுதியதால்தான் பிற சமயச் சகோதரர்களும் அவரை வாசித்தார்கள். அந்த வாசல் திறந்தே இருக்கட்டும். பழைய வாசலையும் ஏன் அடைக்க வேண்டும்?

இளைஞர்களே! வீட்டுப் பரண்களை இறக்குங்கள். கரையானுக்கு விடாதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். குர்ஆன் ஓதத் தெரிந்தவர் புதிதாகக் கற்க வேண்டியவை சில எழுத்துகளே. மஃரிபுக்குப் பின் வாருங்கள், நான் சொல்லித் தருகிறேன்.

அந்தச் சகோதரர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? பாட்டனாருக்குக் கடன் கொடுத்தவர்களின் வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். இருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தும்விட்டார். ஓர் எழுத்தை வாசித்ததால் கப்ரில் இருப்பவரின் சுமை குறைகிறது!

அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.