சத்திரத்தானையும் நினைப்போம்
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



பல ஆண்டுகள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம், உயிரும் போகலாம். அந்தச் சில நாட்களுக்கு மருத்துவமனை வேண்டும். அதை உங்கள் காணிக்கைகள் தாங்குகின்றன, நன்றி கூறுகிறோம்.

பின்பு அவர் ஊர் திரும்புகிறார். பழைய கடன், பழைய நண்பர்கள், வழியிலேயே மதுக்கடை. அங்கே அவரோடு நிற்பவர் யார்? குடியை விட்டு மீண்ட அயலார், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியர், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தை வாராவாரம் நடத்துபவர். இவர்களும் சிகிச்சை அளிப்பவர்களே.

இது புதிய எண்ணமல்ல. திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. அமைப்பு, 1989-ல் மஞ்சக்குடி கிராமத்துக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தியது. ஊராரும் அதில் பங்காளிகளானார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊரில் துணை நிற்பவருக்கோ பேருந்துக் கட்டணம்கூடக் கிடைப்பதில்லை.

நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்தான் கையில் ஒப்புவித்தபோது வெறுங்கையோடு ஒப்புவிக்கவில்லை. இரண்டு பணமும் கொடுத்தான். நாமும் அப்படியே செய்வோம். நோயாளியை அனுப்புமுன் ஊர்த் துணைவரை அழைத்துப் பேசுவோம். ஆபத்தின் அறிகுறிகளைக் கற்றுக்கொடுப்போம். டிஸ்சார்ஜ் சீட்டில், அவர் சம்மதத்தோடு, அவர் பெயரையும் எழுதுவோம். நோயாளியைப் பற்றி அவர் சொல்வதை மருத்துவர் கேட்கட்டும்.

மருந்துக்குக் கொடுக்கும் நீங்கள், இவர்களுடைய பயிற்சிக்கும் வழிச்செலவுக்கும் கொடுக்கும்படி அன்போடு வேண்டுகிறோம்.