நேர்முகத் தேர்வும் நெஞ்சுரமும்

 

நம் பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குச் செல்வதென்றால், செம்மேட்டில் பேருந்தேறி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ செல்லல் வேண்டும். காலையில் நிமிர்ந்து சென்றவர் மாலையில் தலைகுனிந்து திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். அவர்களுக்காகவே இன்று பேச விழைகின்றோம்.

நாமும் அவ்வாறு திரும்பியவரே. பி.எட். முடித்த ஆண்டில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. நம்மைப் பற்றிக் கூறுமாறு ஆங்கிலத்தில் கேட்டனர். நா எழவில்லை. அடுத்துத் தந்தையாரின் தொழிலைக் கேட்டனர். கூலி வேலை என்றோம். அதன்பின் வினாவே இல்லை, போகலாம் என்றனர். மூன்று திங்கள் வரை வேறெந்த விண்ணப்பமும் நாம் எழுதவில்லை. அதற்குள் மற்றொரு பணிக்கான கடைசி நாளும் கடந்துவிட்டது. நேர்முகத் தேர்வில் தடுமாறியது தவறன்று. அம்மூன்று திங்களை வீணாக்கியதே தவறு.

நமக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் நம்மை அழைத்து, ஒரு தாளை இரண்டாக மடிக்கச் சொன்னார். நம்மால் திருத்தக்கூடியதை ஒருபுறமும், திருத்த இயலாததை மறுபுறமும் எழுதச் சொன்னார். ஆங்கிலப் பேச்சு முதற்பக்கத்தில் சென்றது. தந்தையின் தொழில் மறுபக்கத்தில் சென்றது. "இது உன் குறையன்று; இதைக் குறையாகக் கண்டவர்களின் குறை. முதற்பக்கத்தை மட்டும் படி" என்றார்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1950ஆம் ஆண்டு, ஆட்சிப்பணித் தேர்வை எழுதியவர்களுள் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த அச்சுதானந்த தாஸ் ஒருவர். எழுத்துத் தேர்வில் 1050க்கு அவர் பெற்றது 613. மற்றொருவர் பெற்றது 602. நேர்முகத் தேர்விலோ 300க்கு அந்த மற்றொருவருக்கு 260. தாஸ் அவர்களுக்கு வெறும் 110. எழுத்தில் 11 மதிப்பெண் முந்தியிருந்தவர், சில நிமிட உரையாடலில் 139 மதிப்பெண் பிந்திவிட்டார். ஆயினும் அவர் தேர்வு பெற்றார். பட்டியலினத்திலிருந்து இந்திய ஆட்சிப்பணிக்குச் சென்ற முதல் மனிதரானார். எதிரே அமர்ந்தோர் குறைத்த பின்னும், தம் கையால் எழுதிச் சேர்த்த 613 அவரைத் தாங்கிற்று.

தேர்வே பெறாதவர் என்செய்வது என்று நீங்கள் கேட்கலாம். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய முதுகலையில் முதலிடம் பெற்ற கே.ஆர். நாராயணனுக்கு விரிவுரையாளர் பணி மறுக்கப்பட்டது. அவர் முடங்கிவிடவில்லை. தில்லி சென்று இதழாளரானார், இலண்டனில் பயின்றார், 1949இல் அயலுறவுப் பணியில் சேர்ந்தார், 1997இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

எனவே இளைஞர்களே, நேர்முகத் தேர்வு முடிந்த அன்றிரவே, கேட்கப்பட்ட வினாக்களை ஓர் ஏட்டில் எழுதுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். ஏழு நாட்களுக்குள் அடுத்த விண்ணப்பத்தை அனுப்புங்கள். தமிழ்நாட்டில் தொகுதி 4 பணிகளுக்கு நேர்முகத் தேர்வே இல்லை. மத்திய அரசின் பல கீழ்நிலைப் பணிகளுக்கும் 2016 சனவரி முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. அங்கே உங்கள் எழுத்தே பேசும், அவ்வழியையும் விட்டுவிடாதீர்கள்.

மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள். அரசுப் பணியிலிருக்கும் நம்மவர் மாதத்தில் ஒரு ஞாயிறு இம்மன்றத்தில் தேர்வுக் குழுவாக அமருங்கள். நம் பிள்ளைகளை வினவுங்கள். அவர்கள் முதன்முதலில் தடுமாறுவது அயலார் முன்னிலையில் நிகழ வேண்டாம். நம் முன்னிலையில் நிகழட்டும். தடுமாறினால் திருத்துவோம், திரும்பி வந்தால் தேற்றுவோம், மறுநாளே மீண்டும் அனுப்புவோம். இருபத்தைந்து ஆண்டு கண்ட சங்கத்திற்கு இதனினும் சிறந்த பணி வேறில்லை.