முதல் ஊசிக்கு முன் ஒரு மில்லி இரத்தம்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு மனு வந்தது. பிறந்து நான்கு நாளான குழந்தை. பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டுவிட்டது. இரத்தத்தில் கிருமி இருக்கலாம், 'பிளட் கல்ச்சர்' எடுக்க வேண்டும் என்றார்கள் மருத்துவமனையில். கையில் பணமில்லாத தகப்பனார், "முதலில் ஊசியைப் போடுங்கள், டெஸ்ட்டைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. டிஸ்சார்ஜ் பில்லைக் காட்டினால்தான் பணம் என்று விதி போட்டிருந்தவர்கள் நாம்தான்.

மூன்றாம் நாள் வரை மருந்து கேட்கவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லக் கையில் ரிப்போர்ட் இல்லை. அனுமானத்தில் மருந்தை மாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தது. ஆனால் பில்லைப் பார்த்தபோது, எடுக்காமல் விட்ட டெஸ்ட்டின் கட்டணம் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது.

இந்த டெஸ்ட்டில் சிரமம் என்னவென்றால், பாட்டிலில் விட்ட இரத்தத்தில் கிருமி வளர வேண்டும். வளர்ந்து, பெயர் தெரிந்து, மருந்து விவரமும் வர இரண்டு மூன்று நாள் ஆகும். இரண்டரைக் கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 200 மில்லி இரத்தம்தான். அதில் ஒரு மில்லி எடுப்பதே பெரிது. ஊசி போட்ட பிறகு எடுத்தால், கிருமி இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம். சி.ஆர்.பி. டெஸ்ட் சீக்கிரம் வரும், விலையும் குறைவு. ஆனால் அது வீக்கம் இருப்பதைத்தான் காட்டும், கிருமியின் பெயரைச் சொல்லாது. கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட பி.சி.ஆர். முறையில் சில மணி நேரத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். அதற்கான கருவி எல்லா ஊரிலும் இல்லை, செலவும் அதிகம். எந்த மருந்து கேட்கும் என்பதையும் முழுமையாகச் சொல்லாது.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகிய மூன்றும்தான் கண்டுபிடித்த கிருமிகளில் பாதிக்கு மேல். அவற்றில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து வகைகளுக்கு அடங்காதவை. அனுமானம் ஏன் தவறுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரிட்டனில் 2014இல் அறிவித்த லாங்கிட்யூட் பரிசு, பத்தாண்டு கழித்து 2024இல்தான் ஒரு வேகச் சோதனைக்குக் கிடைத்தது. அதுவும் சிறுநீர்த் தொற்றுக்கானது. பச்சிளங்குழந்தைக்கு அப்படி மலிவாக ஒன்று வரும்வரை நமக்கு இந்தப் பாட்டில்தான்.

ஆகவே விதியை மாற்றிவிட்டோம். ஒரு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் கல்ச்சர் கேட்டால், பணத்தை முன்கூட்டியே ஆய்வகத்துக்குச் செலுத்துவோம். அதற்காக ஊசியைத் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. இரத்தம் எடுத்த கையோடு ஊசி போடட்டும். அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இது 2011 முதல் உள்ள திட்டம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினாலோ, துவண்டு கிடந்தாலோ, நிமிடத்துக்கு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ, உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, நம் அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனுவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.