மழலையர்க்கு ஆசிரியராதற்குரிய தகுதி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எமக்குப் பணிக்கப்பட்ட பொருள் பார்வைக்குச் சிறிது, பயனாற் பெரிது. ஐந்து வயதுக்கு உட்பட்ட மழலையர்க்குக் கற்பிப்போர் எத்தகுதி உடையராதல் வேண்டும், அவர்க்கு எவ்வளவு பயிற்சி வேண்டும், அதனை யார் அளித்தல் வேண்டும் என்பதே அப்பொருள். கலாசாலைக் கல்விக்கும் உத்தியோகத்திற்கும் உபகாரச் சம்பளம் ஏற்படுத்திப் பழகிய நாம், அடிவாரத்தை நோக்கியது குறைவு. மேல்மாடிக்கு வர்ணம் பூசுவோன் அடித்தளத்தில் விரிசல் இருப்பதை அறியானாயின் அவன் செய்யும் செலவு வீணேயாம்.

“மழலைக்கும் ஓர் ஆசிரியரா? தாய் அறியாததை இன்னொருவர் என்ன சொல்லப் போகிறார்?” என நம்மவருள் வினவுவோர் பலர். தமிழ் மரபு அங்ஙனம் எண்ணவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்க்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூலார், குழந்தையின் 3ஆந் திங்கள் முதல் 21ஆந் திங்கள் ஈறாக ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒவ்வொரு பருவம் கற்பித்தனர். தலையசைத்தல், கை கொட்டல், தளர்நடை வருதல் என்று அவர் கண்ட முறை, குழந்தையை நாடோறும் உற்றுநோக்கினார்க்கன்றிப் பிறர்க்கு வாய்ப்பதன்று. இம்மதுரை மாநகரில் குமரகுருபர அடிகள் அங்கயற்கண்ணம்மையைக் குழந்தையாக வைத்துப் பாடியதும் அம்முறை பற்றியேயாம். அங்ஙனம் உற்றுநோக்கும் கண் தாய்க்கு அன்பினால் அமைகின்றது. இருபது குழந்தைகளை ஒருங்கே காக்கும் ஆசிரியைக்கோ பயிற்சியினாலேயே அமையும்.

ஆசிரியர்க்குத் தகுதி வகுத்தலும் நமக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், நல்லாசிரியரை நிலத்திற்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். ஆசிரியர் ஆகாதார்க்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று கழற்காய் பெய்த குடம். அது கவிழ்க்குங்கால் முன்பின் முறையின்றிக் கொட்டுவது. மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலைத் திணித்து, விரல் எலும்பு உறுதிப்படுமுன்னே நான்கு கோட்டு நோட்டில் அகரமுதலாக எழுதச் செய்து, வீட்டுப் பாடமும் கொடுத்தனுப்பும் மழலைப் பள்ளிகளைக் காணுந்தோறும் எமக்கு அக்குடமே நினைவில் எழுகின்றது.

இனி இந்நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். கூர்ச்சர நாட்டில் வக்கீல் தொழிலை விடுத்த கிஜுபாய் பதேகா 1920இல் பவநகரில் பாலமந்திரம் தொடங்கினார். 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறு வந்து, இந்தியாவில் தம் முதற் பயிற்சி வகுப்பை நடத்தினார். 1944இல் வெளியான சார்ஜெண்டு அறிக்கை, மழலைப் பள்ளிகளில் 10 லட்சம் குழந்தைகட்கு இடம் வேண்டுமென்றும், அங்குக் கற்பிப்போர் தனிப் பயிற்சி பெற்ற பெண்டிராதல் வேண்டுமென்றும் கூறிற்று. அறிந்தோர் அன்றே வழி காட்டினர், நடந்தோர் சிலரே.

1975ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. அங்கன்வாடி எனும் பெயர் அதனோடு வந்தது. உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு நலக்கல்வி, மழலைக் கல்வி என ஆறு பணிகள் ஒரு பெண்ணின் தலைமேல் ஏற்றப்பட்டன. இத்தமிழ்நாட்டில் இன்று 54,000க்கு மேற்பட்ட மையங்கள் உள. ஆறனுள் உணவை நிறுத்தால் எடை தெரியும். ஊசியை எண்ணினால் கணக்குத் தெரியும். கல்வியை நிறுக்கவும் எண்ணவும் இயலாமையின் அதுவே எப்பொழுதும் பின் தள்ளப்பட்டது. பணியிற் சேர்வோர்க்குத் தரப்பட்ட பயிற்சியும் வருஷக் கணக்கினதன்று. ஏறக்குறைய ஒரு திங்கள் அளவினதே. அதனுள் ஆறு பணிகளும் அடங்கவேண்டும் எனின், குழந்தையின் மனத்திற்கு எத்தனை நாள் எஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நம் ஜில்லாவின் அனுபவம் ஒன்று இவ்விடத்துச் சொல்லத்தக்கது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதல் வெள்ளோட்டம் விடப்பட்டது நம் கொட்டாம்பட்டி வட்டாரத்திலேயாம். அதன் பணியாளரைத் தெரிந்தெடுத்த முறை நினைக்கத்தக்கது. அவ்வூரிலேயே வாழ்பவளாதல் வேண்டும். ஊரார் மதிப்பவளாதல் வேண்டும். வறுமையிலும் தன் மக்களை நோயின்றி வளர்த்த தாயாயின் மிக நன்று. ஓரளவு பள்ளிப் படிப்பும் விரும்பப்பட்டது. இங்ஙனம் தெரிந்தெடுத்தவரைப் பயிற்றி, மேற்பார்வையாளரை அடிக்கடி அனுப்பி, திங்கள்தோறும் குழந்தைகளை நிறுத்து வரச் செய்தனர். கடும் ஊட்டக்குறைவு அப்பகுதிகளிற் குறைந்தது.

இதனால் நாம் அறிவது இரண்டு. பெரும் பட்டம் இல்லாத நாட்டுப்புறத்துப் பெண்ணும், நன்கு தெரிந்தெடுக்கப்பட்டுத் தொடர்ந்து பயிற்றப்படின் அரும்பணி ஆற்றுவாள் என்பது ஒன்று. தெரிந்தெடுத்தலும் பயிற்சியும் மேற்பார்வையும் ஒன்றையொன்று பிரியின் பயன் இல்லை என்பது மற்றொன்று. ஆயினும் எடை காண்டலினும் மனம் காண்டல் அரிது. அழைத்தால் திரும்பாத குழந்தையை ஊரார் மந்தம் என்பர். பயின்ற ஆசிரியையோ செவிக்குறை உளதோ என ஐயுற்று மருத்துவரிடம் அனுப்புவாள். நான்கு வயதில் அறியப்படாத அக்குறை, பத்து வயதில் எம்போன்றார் வகுப்பிற் கடைப்பலகையில் வந்து அமர்கின்றது. அப்பொழுது யாம் செய்யத்தக்கது மிகச் சிறிதே.

சட்டத்தின் நிலை யாதெனின், 2002ஆம் வருஷத்து 86ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, ஆறு வயது நிரம்புமளவும் குழந்தைப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயலவேண்டும் என்கின்றது. 2009ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயதினர்க்கே உரிமை வழங்கிற்று. மழலைக் கல்வியைப் பற்றி அதன் 11ஆம் பிரிவு சர்க்கார் ஏற்பாடு செய்யலாம் என்னும் அளவில் நின்றது. முதல் வகுப்பு ஆசிரியர்க்குப் பட்டயமும் தகுதித் தேர்வும் உண்டு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமம் 2014இல் மழலை ஆசிரியர்க்கும் மேல்நிலைப் படிப்பும் ஈராண்டுப் பட்டயமும் தகுதியென விதித்தது. ஆயினும் அங்கன்வாடிகள் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் இன்மையின் அவ்விதி ஆண்டுச் செல்வதில்லை. ஐந்து வயது முடிந்த மறுநாள் ஒரு குழந்தைக்குத் தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டுமாயின், முதல்நாள் வேண்டாமைக்குக் காரணம் யாது?

2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை இதற்கு ஒரு வழி கூறிற்று. மேல்நிலைப் படிப்பு முடித்த பணியாளர்க்கு ஆறு திங்கட் சான்றிதழ்ப் பயிற்சி; அதனிற் குறைந்தார்க்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சி; இரண்டும் பணியில் இருந்தவாறே. அக்கொள்கையின் பிற பகுதிகளைப் பற்றி நம்முள் கருத்து வேற்றுமை உண்டு; அதனைக் கொண்டு இப்பகுதியின் நன்மையை மறுத்தல் தகாது. 2023இல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்திலோ பயிற்சி மூன்று நாளாக அமைந்தது. மூன்று நாள் ஒன்றுமில்லாமைக்கு நன்று. ஆறு திங்களுக்கு ஈடாகாது. நம் மாநிலத்தில் 2025ஆம் வருஷத்து ஆள்சேர்ப்பில் அங்கன்வாடிப் பணியாளர்க்கு 12ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றனர். முன்னர் 10ஆம் வகுப்பே போதுமாயிருந்தது. வாயிற்படி உயர்ந்தது நன்றே. உட்புகுந்தார்க்குப் பயிற்சி எங்கே என்பதே நம் வினா.

2019இல் நடந்ததும் ஒரு பாடம். நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புத் தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியைகளை ஆங்கு அனுப்பினர். தம் பதவி தாழ்ந்தது எனச் சிலர் உயர்நீதிமன்றத்தை அணுகினர். 2022இல் அவர்களைத் தொடக்கப் பள்ளிகட்கு மீட்டு, அவ்விடங்களில் ரூ.5,000 மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியரை அமர்த்தினர். முதலிற் சென்றார் கற்றவரே. எனினும் மூன்று வயதினர்க்கெனப் பயின்றவரல்லர். சின்னஞ்சிறார்க்குக் கற்பித்தல் தாழ்ந்த பணி என்னும் எண்ணம் கற்றாரிடத்தும் வேரூன்றி நின்றதே இதனால் வெளிப்பட்ட உண்மை.

அவ்வெண்ணத்தை வளர்ப்பது ஊதியமேயாம். இடைநிலை ஆசிரியர்க்குரிய ஊதிய விகிதம் ரூ.20,600இல் தொடங்குவது, அங்கன்வாடிப் பணியாளர்க்கோ ரூ.7,700இல். அமெரிக்க நாட்டில் வறியோர் குழந்தைகட்கென 1965இல் ஏற்பட்ட ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்திற்கு, 2013க்குள் ஆசிரியருட் பாதிப்பேர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என 2007இல் சட்டம் செய்தனர். அவ்விலக்கு எய்தப்பட்டது, ஆனால் பள்ளி ஆசிரியர்க்கு நிகராக ஊதியம் உயராமையின், பட்டம் பெற்றார் பள்ளிகட்கு மாறிச் செல்லும் குறை நின்றது. தகுதியை உயர்த்தி ஊதியத்தை உயர்த்தாமை, ஓட்டைத் தொட்டியில் நீர் நிரப்புவது போலும். 2022 ஏப்ரலில் நம் உச்சநீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்க்குப் பணிக்கொடை உரியதெனத் தீர்ப்பளித்து, அவர் மழலைக் கல்வி புகட்டும் பணியையும் எடுத்துக் காட்டியது. அவரைத் தொண்டர் என அழைத்துச் சொற்பத் தொகை ஈயும் வழக்கத்திற்கு அத்தீர்ப்பு ஒரு கண்டனமென்க.

இனிக் கசப்பான சிலவற்றைக் கூறுவாம், பொறுத்தருள்க. அங்கன்வாடிப் பணிக்கு அறிவிப்பு வருந்தோறும், இச்சங்கத்தின் வாயிலில் சிபார்சுக் கடிதம் கேட்டு நிற்போர் பலர். நம் குலத்துப் பெண் ஒருத்திக்கு வேலை கிடைப்பின் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவள் கையில் இருபது தாய்மாரின் குழந்தைகள் ஒப்படைக்கப்படுகின்றனர் என்பதை மறந்து எழுதும் கடிதம் உதவியன்று; அக்குழந்தைகட்கு இழைக்கும் அநீதி. மேலும் நம் கட்டடத்தில் நடைபெறும் மழலை வகுப்பிலேயே பயிற்சி பெற்றார் ஒருவரும் இலர்; பள்ளிப்படிப்பு முடித்து மணத்திற்குக் காத்திருக்கும் பெண்களைச் சில ஆயிரத்துக்கு அமர்த்தியுள்ளோம். அப்பெண்கள் மேற் குற்றமில்லை. குறை நம் சிக்கனத்தின் மேலது. சர்க்காரைத் தகுதி கேட்கும் நாம் நம் வீட்டில் அதனை முதலிற் காட்டுதல் வேண்டாவோ?

இன்னுமொன்று. தெருக்கோடியில் அங்கன்வாடி இருப்பவும் நம்மவர் பலர் குழந்தைகளை அனுப்பாமைக்குக் காரணம் கற்பித்தலின் குறை மட்டுமன்று. யாரோடு அமர்வது, யார் சமைத்ததை உண்பது என்னும் எண்ணம் அதனுள் மறைந்து கிடக்கின்றது. ஒரு காலத்தில் நம் முன்னோரைக் கோயில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் பிறர் நிறுத்தி வைத்தமையை ஆண்டுவிழாத் தோறும் சொல்லி வருந்துகின்றோம். அவ்வருத்தம் உண்மையாயின், நம் குழந்தை எல்லாக் குழந்தைகளோடும் ஒரே பந்தியில் அமர்வதை நாம் தடுத்தல் கூடாது. வசதியுள்ளார் விலகிய பள்ளியைச் சர்க்காரும் கவனியார்; நாம் உள்ளே இருந்தாலன்றி நம் கேள்விக்கு வலிமை இல்லை.

“தகுதியை உயர்த்தினால் கைம்பெண்களும் ஏழைப் பெண்களும் புகும் வாயில் அடைபடுமே” என்பார்க்கு எம் விடை இது. வாயிலை அடைக்க வேண்டா. உள்ளே ஏணி வைக்க வேண்டும். கொட்டாம்பட்டி காட்டியது அதுவே. சேர்ந்தவரைப் பயிற்றுக, பயிலுங் காலத்து ஊதியம் குறையாது கொடுக்க, அவர் இடத்திற்கு மாற்றாள் அனுப்புக, பயின்று தேறினார்க்குச் சம்பளம் உயர்த்துக. பதிவேடும் கைப்பேசிப் பதிவும் தேர்தற் பணியும் அவர் காலை நேரத்தைக் கொள்ளையிடாதவாறு, நாடோறும் சில மணியேனும் குழந்தைகட்கென ஒதுக்குக. இவையின்றிப் பயிற்சி அளித்தல், நீந்தக் கற்பித்துக் குளத்தை மூடுவதனோடு ஒக்கும்.

ஆதலின் இச்சபை முன் நான்கு விண்ணப்பங்கள் வைக்கின்றோம். ஒன்று, வரும் கல்வியாண்டு முதல் மழலைக் கல்விப் பட்டயம் பயிலும் பெண்கட்கு நம் கல்வி நிதியிலிருந்து உபகாரச் சம்பளம் தருக. வறிய பெண்களுக்கு முதலிடம் அளிக்க. இரண்டு, நம் மழலை வகுப்பில் இப்போதுள்ள பெண்களை நீக்காது அவர்களையே பயிற்சிக்கு அனுப்பி, தேறியபின் ஊதியம் உயர்த்துக. மூன்று, அங்கன்வாடிப் பணிக்குச் சிபார்சுக் கடிதம் அளிப்பதில்லை எனத் தீர்மானிக்க. நான்கு, ஆறு திங்கள், ஓராண்டுப் பயிற்சிகளை ஊதியத்தோடு நடைமுறைப்படுத்துமாறு சர்க்காருக்கு மகஜர் அனுப்புக. அதிற் பிற சமூகச் சங்கங்களின் கையொப்பமும் பெறுக. குழந்தைக்குச் சாதி இல்லையாதலின் அம்மகஜருக்கும் சாதி வேண்டா.

மூன்றாவது தீர்மானத்தால் நம் உறவினர் சிலர் வருந்துவர் என்பதை அறிவோம். அவர்தம் பேரக் குழந்தைகள் நற்பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையின் மடியருகே அமர்ந்து கதை கேட்கும் நாளில் அவ்வருத்தம் நீங்கும்.