நோய்க்கும் ஒரு வழிப்படம்



பேரிகை வட்டாரத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றித் தலைமையாசிரியனாய் ஓய்வு பெற்றவன் நான். வினாக் கேட்பதே என் தொழில். ஆயினும், பழைய மாணவன் ஒருவன் கேட்ட வினாவுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. "ஐயா, என் தாயாருக்கும் சின்னம்மாவுக்கும் வந்தது மார்பகப் புற்றுநோய்தான். கொடுத்த மருந்தும் ஒன்றே. தாயார் பிழைத்தார், சின்னம்மா பிழைக்கவில்லை. ஏன்?" என்றான். விதி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆசிரியனுக்கு அஃது அழகன்று. ஆகவே, இந்த வயதில் மீண்டும் மாணவனானேன்.

நம் உயிரணுக்களில் புரதங்களை ஆக்குவதற்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவை தனித்தனியே இயங்குவன அல்ல. ஒன்று மற்றொன்றைத் தூண்டும், வேறொன்றை அடக்கும். இத்தொடர்புகளின் தொகுதியே மரபணு வலை. அவ்வலையில் நேரும் பழுதுகளால் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய்.

நம் சாலைகளை எண்ணிப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு லாரி கவிழ்ந்தால், சூளகிரியிலும் வண்டிகள் நிற்கக்கூடும். பழுது சூளகிரியில்தான் என்று ஒருவன் கருதினால் அது பிழையன்றோ? புற்றுக்கட்டியிலும் பல மரபணுக்கள் மாறியிருக்கும். அவற்றுள் நோயைச் செலுத்துவன சில; வெறுமனே உடன் செல்வன பல. இவற்றைப் பிரித்தறிய வழிப்படம் வேண்டும்.

மற்றொன்றையும் நோக்குங்கள். ஓசூர்ச் சாலை அடைபட்டால், வண்டிகள் பேரிகை வழியே மாலூர் சென்று பெங்களூரை அடையும். புற்றுநோயும் இத்தகைய சூழ்ச்சி அறிந்தது. 'பிராஃப்' என்னும் மரபணுவின் ஒரு மாற்றத்தை அடக்கும் மருந்து, தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றில் நற்பயன் தந்தது. அதே மாற்றமுடைய பெருங்குடல் புற்றிலோ பயன் மிகச் சிறிது. ஒரு வழியை அடைத்தவுடன் 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்னும் மற்றொரு வழி விழித்துக்கொள்வதே காரணம் என்று 2012-இல் ஆய்வாளர் கண்டனர். இரு வழிகளையும் ஒருங்கே அடைக்கும் மருந்துகளின் சேர்க்கைக்கு 2020-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. வலையை அறிந்ததனால் விளைந்த பயன் இது.

இம்முயற்சி நம் நாட்டிலும் நடைபெறுகிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். அதே சென்னையில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 'பிவட்' என்னும் கணினிக் கருவியை ஆக்கி 2022-இல் வெளியிட்டனர். மார்பகம், நுரையீரல், பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுகளில், ஒரு தனி நோயாளியிடம் நோயைச் செலுத்தும் மரபணுக்கள் எவை என்று அது கணிக்க முயல்கிறது. மரபணுக்களின் மாற்றங்களோடு, வலையில் நேரும் குலைவையும் அது கணக்கிற் கொள்கிறது. மேலும், 480 மார்பகப் புற்றுநோயாளரின் மாதிரிகளை ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் பாரதப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பையும் அக்கழகத்தார் வெளியிட்டனர். நம் மக்களின் நோயை அறிய நம் மக்களின் தரவுகள் வேண்டும் அல்லவா?

எனினும், வழிப்படம் மருந்தாகிவிடாது. கணினி கூறுவதை ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் சோதித்துத் தேர்ந்த பின்னரே ஏற்க வேண்டும்.

நான் அறிந்ததை அம்மாணவனிடம் கூறினேன். "நோயின் பெயர் ஒன்று, தம்பி, உள்ளே அதன் வழிகள் பல. ஒருவருக்குப் பொருந்திய மருந்து மற்றவருக்குப் பொருந்தாமற் போகலாம்" என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, "அப்படியானால் அவர் செய்த பாவம் என்று ஊரார் சொன்னது பொய்தானே, ஐயா?" என்றான். "முற்றிலும் பொய்" என்றேன். அவன் கண்கள் கலங்கின. என் ஆசிரிய வாழ்வில் நான் அளித்த மிகச் சிறந்த விடை அதுவே என்று கருதுகிறேன்.

இளைஞர்களே, உயிரியலையும் கணக்கையும் பகையெனப் பிரிக்காமல் சேர்த்துப் பயிலுங்கள். வீட்டில் எவர்க்கேனும் கட்டி தோன்றினால், நாணியோ அஞ்சியோ மறைக்கவிடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.