ஆயாவுக்கு எந்த சீட்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு கார் பத்திப் பேசலாம். மைலேஜ், சன்ரூஃப் எல்லாம் இல்ல. சீட் பத்தி மட்டும்.

போன மாசம் எங்க வீட்ல கார் புக் பண்ணினோம். அப்பா, அம்மா, ஆயா மூணு பேரும் சிதம்பரத்துல இருக்காங்க. நான், மனைவி, மூணு வயசுப் பொண்ணு கடலூர் மஞ்சக்குப்பத்துல. மொத்தம் ஆறு பேர். "ஆறு பேருக்கு ஏழு சீட் வண்டி, அவ்வளவுதானே"ன்னு நினைச்சுத்தான் நானும் ஷோரூம் போனேன்.

முதல்ல வண்டியோட உடம்பு. வெளிநாட்ல குடும்பத்துக்கு வண்டின்னா எஸ்டேட் எடுப்பாங்க, அதாவது செடானோட டிக்கி மேல கூரையை நீட்டின மாதிரி ஒண்ணு. நம்ம ஊர்லயும் ரெண்டாயிரத்தை ஒட்டின வருஷங்கள்ல மாருதி பலேனோ ஆல்டுரா, டாடா இண்டிகோ மெரீனான்னு வந்துச்சு. ஓடல. "பார்த்தா ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு"ன்னு ஒரு பேச்சு, அதுவே போதுமா இருந்துச்சு. அதுக்குப் பதிலா நாம ஏத்துக்கிட்டது உயரமான வண்டியை. 1999-ல வந்த வேகன் ஆர் பேர்லதான் வேகன், உண்மையில அது தலை இடிக்காத ஒரு ஹேட்ச்பேக். அதே யோசனையை நீட்டி மூணு வரிசை போட்டதுதான் 2012-ல வந்த எர்டிகா, 2019-ல வந்த ட்ரைபர், 2022-ல வந்த கேரன்ஸ் எல்லாம்.

இந்த உயரம் சும்மா இல்லைங்க. ஆயாவுக்கு முட்டி வலி. செடான்ல உட்கார்ந்தா குழிக்குள்ள இறங்கின மாதிரி, எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்கணும். பெரிய எஸ்யூவின்னா ஏறவே முடியாது. சீட்டோட உயரம் இடுப்பு உயரத்துல இருந்தா அப்படியே திரும்பி உட்கார்ந்துடலாம். அதனால இந்த வகை வண்டிதான்னு முடிவாச்சு.

அடுத்து நீளம். எர்டிகா, கேரன்ஸ் ரெண்டும் நாலு மீட்டருக்கு மேல. ட்ரைபர் 3.99 மீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டர் தற்செயல் இல்ல, வரிக்காக வெட்டினது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து நாலு மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினா 40. இதுக்கு மேல தமிழ்நாட்டு சாலை வரி வேற. 2023 நவம்பர்ல மாத்தினதுப்படி அஞ்சு முதல் பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், பத்தைத் தாண்டினா 18. கணக்குப் போட்டுப் பாருங்க: 9.9 லட்சம் வண்டிக்கும் 10.1 லட்சம் வண்டிக்கும் விலையில வித்தியாசம் இருபதாயிரம்தான். சாலை வரியில வித்தியாசம் ஐம்பத்து மூணாயிரம். "இன்னும் கொஞ்சம் போட்டா மேல் வேரியண்ட் கிடைக்கும் சார்"னு சேல்ஸ் தம்பி சொல்லும்போது இதை யாரும் சேர்த்துச் சொல்றதில்ல.

சிதம்பரத்துல தேரோடற நாலு வீதியும் அகலம்தான். அதுல இருந்து பிரியற சந்துதான் வம்பு. எங்க அப்பா வீடு அப்படி ஒரு சந்துல. டேப் வெச்சு அளந்தோம். நாலேகால் மீட்டர் வண்டி நிறுத்தினா கேட் மூடாது.

சரி, சீட்டுக்கு வருவோம். இங்கதான் நான் தப்பா நினைச்சிருந்தேன்.

நடு வரிசைக்கு ரெண்டு வகை இருக்கு. மூணு பேர் உட்காரற நீள பெஞ்ச், இல்லன்னா தனித்தனியா ரெண்டு கேப்டன் சீட். எக்ஸ்எல்6-ல கேப்டன் சீட்தான். கேரன்ஸ்ல ஆறா ஏழாங்கறது வேரியண்ட்டைப் பொறுத்தது. கேப்டன் சீட் ஆடம்பரமா இருக்கும், நடுவுல வழி இருக்கறதால பின்னாடி போறதும் சுலபம். எனக்கு ஆசைதான். ஆனா எங்க வீட்டு ஆளுங்களை உட்கார வெச்சுப் பார்த்தா கதை மாறுது. நான் ஓட்டறேன். முட்டி வலிக்கற ஆயாவுக்கு முன் சீட். நடுவுல ஒண்ணுல குழந்தை சீட் கட்டியாச்சு, இன்னொண்ணுல மனைவி. அப்ப அப்பாவும் அம்மாவும் மூணாவது வரிசை! அறுபது வயசைத் தாண்டின ரெண்டு பேர். பெஞ்ச்னா ஒருத்தர் மட்டும் பின்னாடி போனா போதும்.

அந்த ஒருத்தர் யாருன்னு எந்த வீட்லயும் வாய்விட்டுப் பேசறதில்ல. கவனிச்சுப் பாருங்க, எப்பவும் அம்மாவா இருப்பாங்க, இல்ல மருமகளா இருப்பாங்க.

நாங்க ஆறு பேரையும் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனோம். தம்பிக்குக் கொஞ்சம் கடுப்புதான். யாரும் சொல்லாமலே அம்மா நேரா பின்னாடி ஏறினாங்க. புடவையை ஒரு கையில பிடிச்சிக்கிட்டு, மடக்கின சீட்டைத் தாண்டி, குனிஞ்சு. உட்கார்ந்ததும் முட்டி நெஞ்சுக்கு வந்துடுச்சு. "பரவால்லப்பா, கடலூர்ல இருந்து ஒரு மணி நேரம்தானே"ன்னாங்க. அந்த "பரவால்ல" எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இவ்வளவு வருஷம் எத்தனை வண்டியில இதைச் சொல்லியிருப்பாங்க?

அன்னிக்கு ராத்திரி காலண்டரை எடுத்து எண்ணினோம். ஆறு பேரும் ஒண்ணா போற நாள் எத்தனை? ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா, பொங்கல், குலதெய்வம், ஒண்ணு ரெண்டு கல்யாணம். பத்துகூட தேறல. மீதி நாளெல்லாம் நாலு பேர், இல்லன்னா மூணு பேரும் அரிசி மூட்டையும்.

அதனால மூணாவது வரிசையைக் கழட்டி வெச்சுக்கற ட்ரைபரே போதும்னு புக் பண்ணினோம். அது இருந்தா டிக்கி வெறும் 84 லிட்டர், ரெண்டு சின்ன டிராலி பைக்கே முக்கும். கழட்டினா 625. குறையும் இருக்கு. கழட்டின சீட்டை வீட்ல வைக்க இடம் வேணும், மாடி வீடுன்னா தூக்கிட்டு ஏறணும். 999 சிசி இன்ஜின், 72 குதிரைத்திறன். ஏசி போட்டு ஆறு பேர் ஏறினா மூச்சு வாங்கும். நம்ம பக்கம் சமவெளிங்கறதால தப்பிச்சோம், ஏற்காடுன்னா யோசிச்சிருப்பேன்.

புக் பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். குழந்தை சீட் கட்டின பக்கத்தை மடக்க முடியாது, அதனால பின்னாடி ஏற வேண்டிய பக்கத்தை விட்டுட்டு எதிர்ப் பக்கம் கட்டுங்க. சிஎன்ஜி எடுத்தா சிலிண்டர் டிக்கி இடத்தைத் தின்னும், அதையும் கண்ணால பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அஞ்சு சீட் வண்டி வாங்கி வெளியில கூடுதல் சீட் போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஆர்சில இருக்கறதை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுல போய் நிக்கும், இன்ஷூரன்ஸும் கை விரிச்சிடும்.

அந்தப் பத்து நாளைக்கு என்ன ஏற்பாடுன்னு கேக்கறீங்களா? அப்பா ஓட்டுவாரு. அவருக்கு அது ரொம்ப சந்தோஷம். ஆயா முன்னாடி, அம்மா ஜன்னலோரம், பாப்பா, மனைவி. பின்னாடி நான். டெஸ்ட் டிரைவ்ல புதுச்சத்திரம் வரைக்கும் அப்படியே போய்ப் பார்த்தேன். திரும்பித் திரும்பி "பரவால்லயாப்பா?"ன்னு அம்மா கேட்டுட்டே வந்தாங்க.