இரண்டு அகப்பை பஸ்

ஹாலிஎலச் சந்தியில் நின்றால் மூன்று திசைகளுக்கும் பஸ் கிடைக்கும். ஒரு பாதை தெமோதரையைத் தாண்டிப் பண்டாரவளைக்கு ஏறுகிறது. இன்னொன்று வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கும், அங்கிருந்து பேராதனைக்கும் போகிறது. மூன்றாவது பதுளைக்குச் சென்று, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று கடந்து செங்கலடியில் மட்டக்களப்புப் பாதையோடு சேர்கிறது. செங்கலடிக்காரர்கள் அதைப் பதுளை வீதி என்றுதான் சொல்வார்கள். கடற்கரைப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு வீதி இருக்கிறது என்பதில் சிறு வயதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இத்தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மலையக ரயிலைப் புகழ்ந்து எழுதுவதைப் படிக்கிறோம். புகழத்தான் வேண்டும். 1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதை, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை என்று ஏறி ஏறி, 1924இல்தான் பதுளைக்கு வந்து நின்றது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 292 கிலோமீற்றர். பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டுப் பிறகு இறங்குகிறது. தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துப் பொறியியலாளருக்கு வந்த யோசனை அது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்தப் பாதையின் பெருமைகளைச் சொல்லும்போது எங்கள் ஆட்களில் ஒருவருடைய தலைப்பாகையாவது இடம்பெறுகிறதே என்று எனக்கு அந்தக் கதையைப் பிடிக்கும்.

ஆனால் நான் இன்று பேச வந்தது ரயிலைப் பற்றியல்ல. எங்கள் அப்பாயி ஏறிய பஸ்ஸைப் பற்றி.

அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது, எழுத்தைச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கப் போன காலம் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பெரிய வேலை பண்டாரவளைக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவது. போவது சுலபம், ஹாலிஎலச் சந்தியில் விசாரித்து ஏறிவிடலாம். வருவதுதான் சங்கடம். பண்டாரவளை பஸ் தரிப்பிடத்தில் வரிசையாக நிற்கும் பஸ்களில் எது நம்முடையது? கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹப்புத்தளை வழியாகப் பதுளைக்கு வரும் பஸ்ஸுக்கு இலக்கம் 99. அது ஹாலிஎலயைத் தொட்டுத்தான் போகவேண்டும். மகன் அந்த இலக்கத்தை நெற்றுக் குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினாராம். அப்பாயி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதென்னாடா, ரெண்டு அகப்பய நட்டு வச்ச மாதிரி இருக்கு” என்றாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த பஸ்ஸுக்கு இரண்டு அகப்பை பஸ் என்றே பெயர்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை, நேயர்களே. எங்கள் மக்களின் பயணங்களை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த பயணம் கங்காணியின் பின்னால் கூட்டமாக வந்த பயணம். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்த பிறகும் மண்டபம் முகாமும் கையில் ஒரு துண்டும் பெயர்ப் பட்டியலும்தான். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். அந்த ஆட்களை மலையிலிருந்து இறக்கி, பொல்காவெலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னார்க் கப்பலுக்குக் கொண்டுபோன ரயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. வரும்போதும் பட்டியல், போகும்போதும் பட்டியல். தன் மனதில் தோன்றிய நாளில், தன் காசைக் கொடுத்து, தனக்கு வேண்டிய இடத்துக்குப் போகும் பயணம் என்ற ஒன்றை அப்பாயி முதன்முதலாகக் கண்டது பஸ்ஸில்தான்.

1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. இ.போ.ச.வின் அந்தச் சிவப்பு பஸ்ஸில் தோட்டத்துக்காரிக்கும் ஒரே டிக்கட், கந்தோர் உத்தியோகத்தருக்கும் ஒரே டிக்கட். நெரிசலில் கண்டக்டர் “இஸ்ஸரஹட்ட யன்ன” என்று முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்தினால் அது எல்லாருக்கும் சேர்த்துத்தான். அப்பாயிக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி பஸ்ஸில் படித்தது.

ஆனாலும் பெயர்ப்பலகை அவளோடு பேசவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அப்பாயியின் நிலைமைதான். படித்தவனும் படிக்காதவளும் இலக்கத்தைப் பார்த்து ஏறினார்கள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. சட்டப் புத்தகத்திலிருந்து பஸ்ஸின் நெற்றிக்குத் தமிழ் ஏறி வர எவ்வளவு காலம் எடுத்தது என்பதை இந்தப் பாதைகளில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

ஒருநாள் அப்பாயி ஏமாந்து போனாள். மழை. இலக்கப் பலகை இல்லாத ஒரு பஸ்ஸில் யாரோ சொன்னதை நம்பி ஏறிவிட்டாள். அது வெலிமடைக்குப் போகிற பஸ். அங்கே இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. அழுதுகொண்டு நின்றவளை ஒரு சிங்களக் கிழவி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அது எந்த வழியாகப் பதுளைக்குப் போகும்? ஹாலிஎலச் சந்தி வழியாகத்தான். வழக்கமான பாதையை விட்டு அடுத்த பாதையால் வந்து அதே இடத்தில் இறங்கினாள். “எந்த ரோட்டுல தொலஞ்சாலும் நம்ம சந்திக்குத்தான் வந்து சேருது” என்று பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சிரிக்காமல் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. சந்தியில் இறங்கிய பிறகு லயத்துக்கு மூன்று மைல் ஏற்றம். மழை இருட்டில், கையில் ஒரு சூள்கூட இல்லாமல், அட்டைக்கடியோடு நடந்து வந்தாள். பண்டாரவளையிலிருந்து வெலிமடை சுற்றி ஹாலிஎலவுக்கு வந்த தூரம் அவளுக்குத் தூரமாகத் தெரியவில்லை. அந்த மூன்று மைல்தான் தூரம்.

நேயர்களே, மலையகத்தின் போக்குவரத்துக் கதை முழுவதும் அந்த மூன்று மைலில் இருக்கிறது என்பது என் எண்ணம். தோட்டத்துப் பாதை தோட்டத்தின் சொத்து. கொழுந்தும் உர மூட்டையும் போவதற்கு வெட்டியது. பிரசவ வேதனையில் துடித்தவள் கொழுந்து லொறியில் போனாள். லொறி இல்லாத வேளையில் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. பாதையிலிருந்த பள்ளங்கள் மட்டும் யாரிடமும் கைமாறவில்லை. இன்றும் பல தோட்டங்களில் சந்தியிலிருந்து லயத்துக்கு ஆட்டோ பிடிக்கும் காசு, பஸ்ஸில் பண்டாரவளை போய் வரும் காசைவிட அதிகம். உயர்தர வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை மாலை வகுப்புக்கு நிற்பதா இல்லையா என்பதைக் கடைசி பஸ்தான் தீர்மானிக்கிறது. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது பட்டணத்துக்காரர்களுக்கும் அந்த மூன்று மைல் கொஞ்சம் விளங்கியிருக்கும். 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையில் மலைகள் சரிந்து, ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. பெரிய பாதை அறுந்தால் செய்தி. தோட்டத்துப் பாதை அறுந்தால் அந்தத் தோட்டத்துக்கு மட்டும் தெரியும்.

இலக்கிய நிகழ்ச்சி என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தெளிவத்தை ஜோசப் அவர்கள் 1934இல் பிறந்த ஊவாகட்டவளைத் தோட்டம் எங்கள் ஹாலிஎலயை அண்டியதுதான். 2022இல் அவர் மறையும்வரை லயத்து வாழ்க்கையை எழுதியவர். அவரும் அவரையொத்தவர்களும் போட்ட பாதை அகலமானது. ஆனால் நமது எழுத்தில் அழுகைக் கோச்சி வந்த அளவுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் வரவில்லை என்றொரு குறை எனக்கு இருக்கிறது. பிரிந்து போனவர்களைப் பற்றி எழுதினோம். போகாமல் இருந்தவள், சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டு, மிதிபலகையில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாகத் திரும்பி வந்த கதையும் எழுதப்பட வேண்டியதுதான்.

சில காலத்துக்கு முன்னர் பண்டாரவளையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மொழியிலும் பெயர் எழுதிய பஸ் ஒன்று வந்தது. பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் நின்ற வயதான அம்மாவுக்காகப் பலகையைச் சத்தமாக வாசித்தாள்: “பதுளைன்னு தமிழ்ல போட்டிருக்கு அம்மாச்சி, வாங்க ஏறுவோம்.”

அந்த அம்மா அசையவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அதெல்லாஞ் சரி புள்ள, நம்பரு என்னா?”